38,000 ரூபாய்க்கு ஒரு பழைய பிஸ்டல்

பழைய ஏர் பிஸ்டல் வாங்கப் போறீங்கன்னா, கம்பெனி பேரைப் பார்க்கறதுக்கு முன்னாடி சிலிண்டர்ல பொறிச்சிருக்கற தேதியைப் பாருங்க. இந்தக் கட்டுரையில வேற எதுவும் ஞாபகம் இல்லன்னாலும் இது ஒண்ணு இருந்தா போதும்.

விஷயத்துக்குப் போறதுக்கு முன்னாடி, டிபார்ட்மென்ட்ல பாதிப் பேர் என்கிட்ட கேட்கற ரெண்டு கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிடறேன். "லைசென்ஸ் இருக்கா மச்சி?" அப்புறம், "தல மாதிரியா?"

2016 ஆயுத விதிகளின்படி, 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மேல் துளை இல்லாத, 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் தராத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. என் பிஸ்டல்ல போடற குண்டு அரை கிராம். எவ்வளவு தாராளமா எடுத்துக்கிட்டாலும் வேகம் நொடிக்கு 140 மீட்டர். ½mv² போட்டுப் பாருங்க, 5 ஜூல்கூட வராது. அதுக்காக பொம்மைன்னு நினைக்காதீங்க. கண்ணுல பட்டா கண்ணு போயிடும். ரயில்லயோ பஸ்லயோ கொண்டு போகணும்னா பூட்டின பெட்டிக்குள்ள, பில் நகலும் அடையாள அட்டையும் கூடவே இருக்கும். காலேஜுக்கு ஒரு நாளும் கொண்டு வந்ததில்ல, கொண்டு வரவும் மாட்டேன். "ஒரே ஒரு போட்டோ மச்சி"ன்னு கேட்கறவங்களுக்கும் அதே பதில்தான்.

தல விஷயம்: அஜித் 2022-ல திருச்சியில நடந்த மாநிலப் போட்டியில தங்கப் பதக்கங்கள் வாங்கினது உண்மை. அவர் சென்னை ரைஃபிள் கிளப் உறுப்பினர். நான் திண்டிவனம் – விழுப்புரம் பாசஞ்சர் உறுப்பினர். வித்தியாசம் அவ்வளவுதான்.

விளையாட்டு என்னன்னா, 10 மீட்டர் தூரத்துல ஒரு அட்டை. அதுல 59.5 மி.மீ. விட்டத்துல ஒரு கருப்பு வட்டம். அதுக்கு நடுவுல இருக்கற பத்தாம் வளையம் 11.5 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு சட்டைப் பட்டன் அளவு. ஒரே கையால பிஸ்டலைப் பிடிச்சு, நின்னபடி, 75 நிமிஷத்துல 60 குண்டு சுடணும். 1988 சியோல்ல இருந்து ஒலிம்பிக்ல இருக்கு. ட்ரிக்கர் குறைஞ்சது 500 கிராம் எடையைத் தாங்கணும், பிஸ்டல் மொத்தமா 1500 கிராமைத் தாண்டக் கூடாது. கேட்க சுலபமா இருக்கும். ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை ஒத்தைக் கையால நீட்டிப் பிடிச்சு, ஒரு நிமிஷம் நடுங்காம நின்னு பாருங்க.

என்சிசி கேம்ப்ல .22 ரைஃபிள் சுட்டதுல எனக்குப் பித்து பிடிச்சது. முதல் வருஷ லீவுல சென்னையில ஒரு கிளப்ல ஒரு மாசப் பயிற்சி. அதுக்கப்புறம் சனிக்கிழமை தோறும் திண்டிவனத்துல இருந்து எழும்பூருக்கு ரயில். அங்கே கிளப் பிஸ்டல் ஒண்ணு, நாங்க நாலு பேர். நாலு பேருக்கும் நாலு விதமான கை. இந்த விளையாட்டுல பிஸ்டலோட மரப்பிடி செருப்பு மாதிரி, அடுத்தவன் அளவு நமக்கு ஒத்து வராது. ஒருத்தன் பிடியைத் தளர்த்துவான், அடுத்தவன் குறியைத் திருப்புவான். என் முறை வரும்போது முதல் பதினஞ்சு குண்டு அதை மறுபடி சரி பண்றதுலயே போயிடும். ரயில் டிக்கெட், கிளப் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பார்த்தா, உருப்படியா சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் நான் குடுத்த விலை பிரியாணி ரேஞ்சுக்கு வந்துச்சு.

ஒண்ணு சொந்தமா வாங்கணும், இல்லன்னா நிறுத்தணும். அந்த ரெண்டுக்கும் நடுவுல வேற வழி எனக்குத் தெரியல. போட்டிக்கான புது பிஸ்டல், மொரினியோ ஸ்டெயரோ, ஒன்றரை லட்சத்தைச் சாதாரணமாத் தாண்டும். என்கிட்ட இருந்தது பைக்குக்குன்னு ரெண்டு வருஷமா அப்பா கொஞ்சம், நான் டியூஷன் எடுத்துக் கொஞ்சம்னு சேர்த்து வச்ச 45,000. அப்பா மண்டியில கணக்கு எழுதறவர். அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "பைக்கா, அதுவா, நீயே முடிவு பண்ணிக்கோ, ஆனா ரெண்டாவது தடவை கேட்காத."

2024 மே மாசம் தேட ஆரம்பிச்சேன். முதல்ல வந்தது ஒரு பிசிபி பிஸ்டல். பிசிபின்னா, குழலுக்குக் கீழே நீளமா ஒரு சிலிண்டர், அதுக்குள்ள 200 பார் அழுத்தத்துல காற்று அடைச்சிருக்கும். இன்னைக்குப் பெரிய போட்டிகள்ல எல்லாரும் வச்சிருக்கறது இந்த வகைதான். ஐரோப்பாவுல செஞ்சது, பார்க்க புதுசு மாதிரியே பளபளன்னு இருந்துச்சு. விலை 24,000. ஏன் இவ்வளவு மலிவுன்னு யோசிச்சுக்கிட்டே சிலிண்டரைத் திருப்பினேன். 2009-னு பொறிச்சிருந்துச்சு.

வித்தவர் சிரிச்சாரு. "தம்பி, இத்தினி வருஷமா நான் அதுலதான் சுடறேன். ஒண்ணும் ஆவல."

200 பார்னா என்னன்னு கொஞ்சம் பாருங்க. பைக் டயர்ல இருக்கறது சுமார் 2 பார். 200 பார்ங்கறது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலயும் 200 கிலோ உட்கார்ந்து தள்ற மாதிரி. சுடறப்ப அந்த சிலிண்டர் முகத்துல இருந்து ஒரு கை நீளத்துல இருக்கும், காற்று நிரப்பறப்ப அதை விடக் கிட்ட இருக்கும். ஒவ்வொரு தடவை நிரப்பறதும் காலியாகறதும் ஒரு லோடிங் சைக்கிள். மெட்டீரியல்ஸ் பேப்பர்ல எஸ்-என் கர்வ் வரைஞ்சது ஞாபகம் இருக்கா? ஸ்டீலுக்கு ஒரு கட்டத்துக்கு மேல கோடு படுத்துடும், அந்த அழுத்தத்துக்குக் கீழே எத்தனை தடவை வேணும்னாலும் தாங்கும்னு எடுத்துக்கலாம். அலுமினியத்துக்கு அந்தக் கோடு படுக்கவே படுக்காது, இறங்கிக்கிட்டே போகும். அதாவது, "இத்தினி வருஷமா ஒண்ணும் ஆவல"ங்கறது அலுமினியம் சிலிண்டருக்கு நற்சான்று இல்ல, செலவாகிப் போன கணக்கு. சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்போட விதியும் இதைத்தான் சொல்லுது. சிலிண்டர் தயாரிப்பாளர் குடுத்த காலத்துக்குள்ள இருக்கணும், எப்படியும் 10 வருஷத்தைத் தாண்டக் கூடாது, பார்த்துக்க வேண்டிய பொறுப்பு வீரருடையது. புது சிலிண்டரை இறக்குமதி பண்ணி மாத்தலாம், ஆனா அந்தச் செலவைக் கூட்டினா மலிவுங்கற பேச்சே இல்ல. அது போக, 200 பார் காற்றை நிரப்ப எனக்குத் திண்டிவனத்துல வழி கிடையாது. பஞ்சர் கடை கம்ப்ரெஸரை எல்லாம் மறந்துடுங்க.

"வேணாம் சார்"னு சொல்லிட்டு வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி மட்டும் அந்தப் பளபளப்பு கண்ணுக்குள்ளயே நின்னுச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

ரெண்டாவது வகை, கார்பன் டை ஆக்ஸைடு பிஸ்டல். பிசிபி வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் வச்சிருந்தது. இப்ப இதுதான் இருக்கறதுலயே மலிவு. இதுல பிரச்சினை நம்ம ஊரு. உள்ள திரவமா இருக்கற வாயுவோட அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்து மாறும்: 20 டிகிரியில சுமார் 57 பார், 31 டிகிரியில சுமார் 74. அதுக்கு மேல போனா தெர்மோ பேப்பர்ல படிச்ச கிரிட்டிக்கல் பாயிண்ட், திரவமாவே இருக்காது. ஐரோப்பாவுல ஹீட்டர் போட்ட அரங்கத்துக்குள்ள சுடறவங்களுக்கு இது சரி. மே மாசம் விழுப்புரத்துல காலை எட்டு மணிக்கே 31 டிகிரி தாண்டிடும். காலையில ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி சுடும் பிஸ்டலை வச்சுக்கிட்டு நான் என்னத்த கத்துக்கறது?

மூணாவது, ஸ்ப்ரிங். இதுல பழைய ராஜா ஒருத்தர் இருக்காரு: ஜெர்மனியில நெக்கார் ஆத்தங்கரை ஓபர்ன்டோர்ஃப்ல செஞ்ச ஃபைன்வெர்க்பாவ் 65. பேர்லயே வருஷம் இருக்கு, 1965. பக்கத்துல ஒரு லீவர், அதை இழுத்தா ஸ்ப்ரிங் ஏறும். சுட்ட உடனே மேல் பாகம் முழுசும் தண்டவாளத்துல சறுக்கற மாதிரி பின்னால நழுவி உதையை முழுங்கிடும், கைக்கு ஒண்ணும் தெரியாது. அறுபது வருஷத்துக்கு முன்னாடி இதை யோசிச்சவங்க காலைத் தொட்டுக் கும்பிடலாம். எங்கேயாவது நல்ல நிலையில கிடைச்சா விட்டுடாதீங்க. எனக்குக் கிடைக்கல.

கடைசியில கிடைச்சது நாலாவது வகை, சிங்கிள் ஸ்ட்ரோக். விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்துல, ரயில்வேயில இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வச்சிருந்தாரு. ரஷ்யாவுல இஷெவ்ஸ்க்ல செஞ்ச பைக்கால் இஷ்-46எம். சிலிண்டர் கிடையாது, வாயு கிடையாது, ஸ்ப்ரிங்கை ஏத்தற வேலையும் கிடையாது. குழலுக்குக் கீழே ஒரு நீளமான லீவர். அதை முன்னால முழுசா விரிச்சா பின்பக்கம் வாயைத் திறக்கும், திரும்ப மடக்கினா உள்ள இருக்கற பிஸ்டன் அந்த ஒரே தள்ளல்ல காற்றை அழுத்தி வைக்கும். குண்டை வச்சு மூடிச் சுடு. அவ்வளவுதான். அடுத்த குண்டுக்கு மறுபடி முதல்ல இருந்து. 60 குண்டுக்கு 60 தடவை. மடக்கறப்ப கடைசி நாலு விரற்கடை தூரத்துலதான் எதிர்ப்பு அதிகம், அங்கே கை நழுவினா லீவர் விரலைப் பதம் பார்த்துடும். நான் மாலை நேரத்துல ஜிம்முக்குப் போறதில்ல, காரணம் இதுதான்.

பெரியவர் வீட்டுல முதல் அரை மணி நேரம் பிஸ்டலைக் காட்டவே இல்ல. காபி வந்துச்சு. எந்த ஊரு, அப்பா என்ன பண்றாரு, எங்கே சுடுவே, வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களான்னு கேட்டாரு. கடைசி கேள்விக்கு நான் "இல்ல ஐயா, ஆயா மட்டும்தான்"னு சொன்னதுக்கு, "ஆயாவும் சின்னப் பசங்க மாதிரிதான், பெட்டிக்குப் பூட்டு போடு"ன்னாரு. அதுக்கப்புறம்தான் பெட்டி வந்துச்சு.

நான் பார்த்தது இதெல்லாம். குழல் வாயில அடி பட்ட தழும்பு இருக்கா. குறியோட திருகு ஒவ்வொரு கிளிக்குக்கும் சத்தம் போடுதா, இல்ல வழுக்குதா. லீவர் பின்ல ஆட்டம் இருக்கா. ஸ்க்ரூ தலைங்க தேய்ஞ்சிருக்கா. தேய்ஞ்ச ஸ்க்ரூ தலைன்னா யாரோ பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரால உள்ள நோண்டியிருக்காங்கன்னு அர்த்தம், அது பெயின்ட் போனதை விட மோசம். இதுல பெயின்ட் நிறைய போயிருந்துச்சு, ஸ்க்ரூ தலை ஒவ்வொண்ணும் புதுசு மாதிரி இருந்துச்சு. அப்புறம் லீவரை மடக்கி காற்று ஏத்திட்டு, ஒரு நிமிஷம் காத்திருந்து, வீட்டுக்குப் பின்னால வச்சிருந்த களிமண் மேல சுட்டேன். அடுத்தது உடனே. ரெண்டு குழியும் ஒரே ஆழம் இல்ல. காத்திருந்து சுட்டது கொஞ்சம் மேலோட்டம்.

"கசியுது ஐயா."

"கசியாம? இருபது வருஷம் ஆச்சு. நான் நாலு வருஷமா தொடவே இல்ல. உனக்குக் கசியுதுன்னு கண்டுபிடிக்கத் தெரியுதான்னுதான் பார்த்தேன்."

42,000 சொல்லிக்கிட்டிருந்தவர் 38,000-க்கு இறங்கினாரு. கூடவே பழைய ஒரிஜினல் பில், அவர் கையெழுத்துல ஒரு கடிதம், ஒரு குயர் நோட்டு. அந்த நோட்டுல ஒவ்வொரு நாளும் எத்தனை குண்டு சுட்டாரு, எப்ப கிரீஸ் போட்டாரு, எப்ப எந்த ஸ்க்ரூவை இறுக்கினாருன்னு பச்சை மையில எழுதியிருக்கு. செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கறப்ப சர்வீஸ் புக் கேட்போம் இல்லையா, அதோட தாத்தா இது.

வீட்டுல அம்மா ரெண்டு நாள் என்கிட்டப் பேசல. ஆயாதான் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துட்டு, "இதுக்கா அவ்ளோ காசு, காக்கா ஓட்டவா?"ன்னு கேட்டுச்சு.

எங்க வீடு பழைய நீட்டு வீடு. வாசல், நடை, கூடம், பின்கட்டு எல்லாம் ஒரே நேர்கோட்டுல இருக்கும். டேப் வச்சு அளந்தா 11 மீட்டர் சொச்சம். 10 மீட்டர் ரேஞ்ச் இலவசம். பின்கட்டுச் சுவத்துல சாய்வா ஒரு இரும்புத் தகடு, அதுக்கு முன்னாடி மரப்பெட்டிக்குள்ள பழைய போர்வைத் துணி, அதுக்கு முன்னாடி அட்டை. காலை 6-ல இருந்து 7 மணி வரைக்கும் பின்கதவுக்கு உள்தாழ்ப்பாள். குண்டு ஈயம், அதனால முடிச்ச உடனே சோப்பு போட்டுக் கை கழுவாம ஒரு தம்ளரைக்கூடத் தொடக் கூடாது. விழுந்த ஈயத்தைத் தனி டப்பாவுல சேர்த்து வைக்கிறேன்.

இப்ப கசிவு. எனக்கு இருந்த கேள்வி, எவ்வளவு கசியுது, அது என் ஸ்கோரை எவ்வளவு பாதிக்குதுங்கறது. வேகம் அளக்கற கருவி என்கிட்ட இல்ல. போன் இருந்துச்சு. குழல் வாயில இருந்து அட்டை வரைக்கும் சரியா 10 மீட்டர் வச்சு, போனை நடுவுல, ரெண்டு பக்கமும் 5 மீட்டர் வர்ற மாதிரி வச்சு ஆடியோ பதிவு பண்ணேன். சுட்ட சத்தமும் அட்டையில பட்ட சத்தமும் போனுக்கு வர ஒரே தூரம், அதனால சத்தம் பயணிக்கற நேரம் ரெண்டுலயும் சமமா அடிபட்டுப் போயிடும். கம்ப்யூட்டர்ல அலையைப் பெரிசாக்கிப் பார்த்தா ரெண்டு முகடு தெரியும், அதுக்கு நடுவுல இருக்கற நேரம்தான் குண்டு பறந்த நேரம். செலவு பூஜ்யம். இதை விடத் திருப்தியான லேப் எக்ஸ்பெரிமென்ட் நாலு வருஷத்துல நான் பண்ணல.

காற்று ஏத்தின உடனே சுட்டா 0.078 நொடி. 30 நொடி காத்திருந்து சுட்டா 0.086. எட்டு மில்லி செகண்டு, அதுக்குப் போய் அலட்டிக்கறதான்னு தோணும். ஆனா குண்டு பறக்கற நேரம் முழுசும் புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துக்கிட்டே இருக்கு. ½gt² போட்டா, முதல் குண்டு 29.8 மி.மீ. இறங்கும், ரெண்டாவது 36.3 மி.மீ. இறங்கும். வித்தியாசம் 6.5 மி.மீ. அட்டையில ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்கறதே 8 மி.மீ.தான். அதாவது, அவசரப்பட்டு சுட்டா மேல போகும், நிதானமா குறி பார்த்துக் காத்திருந்தா கீழே போகும். இந்த விளையாட்டுல கோச் முதல் நாள்ல இருந்து சொல்லிக் குடுக்கறதே காத்திருக்கத்தான். கசியற சீல் அந்தக் காத்திருப்புக்கு அபராதம் போடுது. அட்டையில என் குண்டுங்க ஏன் மேலும் கீழுமா ஒரு கோடு மாதிரி விழுதுங்கறதுக்கும் இதுதான் காரணம்.

இதை செஞ்ச கம்பெனி மேல குறை சொல்ல ஒண்ணும் இல்ல, ரப்பர்னா அப்படித்தான். நசுங்கியே வருஷக்கணக்கா இருந்தா வட்டமான வளையம் ஒரு பக்கம் தட்டையாயிடும், விட்டாலும் பழைய வடிவத்துக்கு வராது. கம்ப்ரெஷன் செட்னு சொல்வாங்க. பின்னை மெதுவாத் தட்டி எடுத்து, பிஸ்டனை வெளியே இழுத்து, வளையத்தை விரல்ல உருட்டினப்பவே தட்டை தெரிஞ்சுச்சு. பழையதை வெர்னியர்ல அளந்து எழுதிக்கிட்டு, விழுப்புரத்துல ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் சீல் விக்கற ஒரு கடைக்குப் போனேன்.

"எந்த வண்டிக்குப்பா?"

"வண்டிக்கு இல்லண்ணா, ஒரு பம்ப்புக்கு." பொய்யும் இல்ல, அது பம்ப்புதானே. நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங், ஒண்ணு 12 ரூபாய். பிஸ்டனுக்கு ஆறு, பின்வாய்க்கு ஆறு வாங்கினேன். ஒரு லட்சத்தி அறுபதாயிரம் ரூபாய்க்கு விக்கற பொருளோட வேலையை என் கையில செய்யறது 12 ரூபாய் வளையம்ங்கற நினைப்புலயே அன்னைக்கு ரயில்ல மயிலம் தாண்டினது தெரியல.

போடற கிரீஸ்லதான் ஜாக்கிரதை வேணும். ரப்பர் படற இடத்துக்கு சிலிகான் கிரீஸ், அதுவும் விரல் நுனியில ஒட்டற அளவுதான். இரும்பும் இரும்பும் உரசற லீவர் பின்னுக்கு சிலிகான் உதவாது, அங்கே மாலிப்டினம் கிரீஸ். வீட்டுல கதவுக் கீலுக்கு அடிக்கற ஸ்ப்ரேயை உள்ள அடிக்கவே கூடாது, அது பழைய கிரீஸைக் கழுவி விட்டுட்டு ஆவியாப் போயிடும். குழலை அடிக்கடி சுத்தம் பண்ற ஆசையையும் அடக்கிக்கணும். எப்பவாவது ஒரு துணித் துண்டைப் பின்னால இருந்து முன்பக்கமா இழுத்தா போதும். இரும்பு பிரஷ் பக்கமே போகாதீங்க. பெரியவர் நோட்டுல ஒரு இடத்துல இதைப் பத்தி ரெண்டு கோடு அடிச்சு எழுதியிருக்காரு, யார் மேலயோ செம கோவம் போல.

மாத்தினதுக்கு அப்புறம் மறுபடி போனை வச்சேன். உடனே சுட்டா 0.075. 30 நொடி காத்திருந்தா 0.075, 0.076. அந்த எண்ணைப் பார்த்துட்டு கூடத்துல நான் போட்ட கத்துல அம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்தாங்க. அதுக்கப்புறம்தான் பேச ஆரம்பிச்சாங்க, திட்டறதுக்காகத்தான்.

ட்ரிக்கர் எடையைப் பார்க்கறதுக்கும் தனிக் கருவி வேணாம். மளிகைக் கடை எடை மிஷின்ல பாட்டிலும் கயிறும் தண்ணியும் சேர்த்து சரியா 500 கிராம் வர்ற மாதிரி ஊத்திக்கிட்டேன். குண்டு இல்லாம, குழல் மேல பார்க்க, ட்ரிக்கர்ல பாட்டிலைத் தொங்க விட்டுத் தூக்கணும். விழாம தாங்கினா போட்டியில பாஸ். பிடியில என் உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவுல இருந்த இடைவெளியை எம்-சீல் வச்சு நிரப்பி, காய்ஞ்சதும் உப்புத்தாள் போட்டேன். அழகா இல்ல. ஆனா கண்ணை மூடிக்கிட்டு எடுத்தாலும் கை அதே இடத்துல போய் உட்காருது, சென்னையில நாலு பேர் கையில சுத்தின பிஸ்டல்ல எனக்கு ஒரு நாளும் கிடைக்காதது இது.

இங்கே நிஜமான எதிரி ஈரம். ஜெர்மன்காரங்க குளிருக்குப் பயப்படறாங்க, நமக்கு மரக்காணத்துல இருந்து வர்ற உப்புக் காற்று. பிஸ்டல் பெட்டிக்குள்ள இருக்கற ஸ்பாஞ்ச் பார்க்க நல்லா இருக்கும், ஆனா மழைக்காலத்துல அது தண்ணியைக் குடிச்சு வச்சுக்கிட்டு இரும்பு மேல சாயும். பெரியவர் முன்னாடியே எச்சரிச்சிருந்தாரு: ஐப்பசி பொறந்தா ஸ்பாஞ்சுல வைக்காத, எண்ணெய் தடவின காட்டன் துணியில சுத்தி வை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சே, மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. கொட்டுச்சே, அப்ப எங்க தெருவுல தண்ணி, கரண்ட் இல்ல, சுவரெல்லாம் வேர்த்து ஊத்துது. பிஸ்டல் பரண் மேல அம்மாவோட பழைய பருத்திப் புடவையில, கூடவே செருப்புக் கடைப் பெட்டிங்கள்ல இருந்து சேர்த்த சிலிகா ஜெல் பொட்டலங்களோட இருந்துச்சு. தண்ணி வடிஞ்சதும் பிரிச்சுப் பார்த்தேன், ஒரு புள்ளி துரு இல்ல. பக்கத்துல பரண்ல இருந்த என் ஜியாமெட்ரி பாக்ஸ்தான் துருப்பிடிச்சுத் திறக்க வரல. அந்த வாரம் எங்க ஏரியாவுல நிறைய பேருக்கு வீடே போச்சு. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

"இவ்வளவு பழசை வச்சுக்கிட்டு என்னைக்காவது போட்டியில பாதியில நின்னுட்டா?"ன்னு ரூம் மேட் கேட்டான். புதுசும் நிக்கும். 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்று. நடுவுல மனு பாக்கரோட பிஸ்டல் வேலை செய்யல. சரி பண்ணிக் கொண்டு வர்றதுக்குள்ள கால் மணி நேரத்துக்கு மேல போயிடுச்சு, மிச்சத்தை அவசர அவசரமாச் சுட்டு முடிச்சு 575. பன்னிரண்டாவது இடம். ரெண்டே ரெண்டு பாயிண்டுல ஃபைனல் போச்சு. மூணு வருஷம் கழிச்சு பாரிஸ்ல அதே போட்டியில வெண்கலம், ரெண்டு நாள்ல சரப்ஜோத் சிங்கோட சேர்ந்து இன்னொண்ணு. கோளாறான பிஸ்டலோட, உலகமே பார்க்க, அவங்க 575. கோளாறே இல்லாம, ஆயா மட்டும் பார்க்க, என்னோட பெஸ்ட் 551.

அந்த 24 பாயிண்ட் பிஸ்டல்ல இல்ல, கையிலயும் தலையிலயும்தான் இருக்குன்னு இப்ப எனக்குத் தெரியும். சீலை மாத்தி அளந்து பார்த்ததால மட்டும்தான் அது உறுதியாத் தெரியும். முன்னாடி ஒவ்வொரு எட்டுக்கும் ஏழுக்கும் பிஸ்டலைச் சந்தேகப்பட இடம் இருந்துச்சு. இன்னொண்ணும் சொல்லணும். ஒலிம்பிக் வரைக்கும் போன இளவேனில் வாலறிவன் பிறந்தது பக்கத்துல கடலூர்ல, ஆனா வளர்ந்ததும் துப்பாக்கியைப் பிடிச்சதும் குஜராத்ல. இங்கேயே இருந்திருந்தா எந்த ரேஞ்சுக்குப் போயிருப்பாங்கன்னு அடிக்கடி யோசிப்பேன். நம்ம பக்கம் எத்தனை வீட்டுல 11 மீட்டர் நடை இருக்கு தெரியுமா?

சீல் மாத்தினதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் 9,340 குண்டு. பெரியவர் நோட்டுல அவர் விட்ட பக்கத்துல இருந்தே நீல மையில எழுதறேன். போன பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனப்ப நோட்டைக் கேட்டு வாங்கி, பத்து நிமிஷம் புரட்டிட்டு, "புரட்டாசில ஏன் பத்து நாள் காணோம்?"ன்னாரு. "செமஸ்டர் ஐயா."

ஜூலைல ஸ்ரீபெரும்புதூர்ல வேலைக்குச் சேரணும். ரூம்ல மூணு பேர், நீளம் நாலு மீட்டர். நல்ல வேளை, இந்த பிஸ்டல்ல லீவரைத் தொடாம பின்வாயை மட்டும் தூக்கி மூடினா ட்ரிக்கர் ஏறிக்கும், காற்றும் குண்டும் இல்லாமலே வெறுஞ்சுவரைப் பார்த்துப் பழகலாம். தினம் நாற்பது தடவை. ஞாயிறு ஊருக்கு வந்தா 60 குண்டு. மாநிலப் போட்டிக்கான தேதியும் ஜாய்னிங் தேதியும் மோதுமான்னு இன்னும் தெரியல, ஹெச்ஆருக்கு மெயில் போட்டிருக்கேன். காரணம் ‘குடும்ப நிகழ்ச்சி’ன்னு போட்டிருக்கேன், ‘துப்பாக்கி’ன்னு எழுத தைரியம் வரல.

மாத்து ஓ-ரிங் இன்னும் எட்டு இருக்கு, தேதி எழுதின கவர்ல.